ஜப்பானியப் பள்ளி வேலையை முடித்துக் கிளம்புவது எப்படி: குளிர்காலப் படிவத்திலிருந்து கடைசி நாள் வரை

ஷிமானே மாகாணத்துச் சிறு ஊர் ஒன்றில் மூன்று வருடம் ஆங்கில உதவி ஆசிரியராக வேலை பார்த்தேன். ஒரு நடுநிலைப் பள்ளி, மூன்று தொடக்கப் பள்ளிகள். இந்த வேலையில் சேருவது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். முடித்துக் கிளம்புவது எப்படி என்று தமிழில் கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம். அண்மையில் இரண்டு பேர் அதைக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜப்பானியப் பள்ளி பிரிவுக்குப் பழகிய இடம். அரசுப் பள்ளி ஆசிரியர்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். மார்ச் கடைசியில் மாறிப்போகும் ஆசிரியர்களுக்காக ‘ரினின்ஷிகி’ என்று ஒரு விழாவே நடக்கும். அதனால் போகிறவர் எப்படிப் போக வேண்டும் என்பதற்கு அங்கே ஒரு முறை இருக்கிறது. நான் கிளம்பும் முடிவைச் சொன்ன அன்று எங்கள் துணைத் தலைமையாசிரியர் ஒரு பழமொழி சொன்னார்: ‘தட்சு தொரி அதோ ஓ நிகொசாசு’. எழுந்து பறக்கும் பறவை தான் இருந்த தண்ணீரைக் கலக்கிவிட்டுப் போவதில்லை. அடுத்த ஆறு மாதமும் நான் செய்ததெல்லாம் அதற்குள் அடக்கம்.

கீழே வரும் மாதக் கணக்கு ஜெட் திட்டத்தில், அதாவது வெளிநாட்டவரை ஜப்பானியப் பள்ளிகளுக்கு ஆங்கில உதவி ஆசிரியர்களாக அழைத்துவரும் அரசுத் திட்டத்தில், வந்தவர்களுக்கானது. 1987இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. இரு தரப்புக்கும் சம்மதம் என்றால் 5 வருடம் வரை நீட்டிக்கலாம். முடிவது பெரும்பாலும் ஜூலை கடைசியில் அல்லது ஆகஸ்ட் தொடக்கத்தில். தனியார் நிறுவனம் வழியாக வந்து மார்ச்சில் முடிப்பவர்கள் எல்லாவற்றையும் நான்கு மாதம் முன்னே தள்ளிக்கொள்ளுங்கள்.

முதல் படி: யாரிடம் முதலில் சொல்வது

மறு ஒப்பந்தப் படிவம் குளிர்காலத்தில் கைக்கு வரும். பெரும்பாலான இடங்களில் பிப்ரவரித் தொடக்கத்துக்குள் பதில் கேட்பார்கள். ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் இடத்துக்கு ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள், பிறகு மனம் மாறினால் சிக்கல். புத்தாண்டு விடுமுறையிலேயே உட்கார்ந்து யோசித்து முடிவெடுங்கள்.

சொல்ல வேண்டிய வரிசை இது. முதலில் கல்வி வாரியத்தில் உங்களைக் கவனித்துக்கொள்ளும் அலுவலர். அப்புறம் தலைமையாசிரியரும் ‘க்யோதோ சென்செய்’ எனப்படும் துணைத் தலைமையாசிரியரும். அடுத்து உங்களோடு சேர்ந்து பாடம் எடுக்கும் ஆங்கில ஆசிரியர். பிறகு மற்றவர்கள். பிள்ளைகளுக்குக் கடைசியில், பள்ளி ‘சொல்லலாம்’ என்ற பிறகுதான்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. மாற்றலாகும் ஆசிரியருக்கு முதலில் தனியாகத்தான் தகவல் சொல்வார்கள். பட்டியல் வெளியாகும்வரை அவர் வாய் திறக்க மாட்டார். மார்ச்சில் அந்தப் பட்டியல் உள்ளூர்ச் செய்தித்தாளில் வரும்போதுதான் ஊருக்கே தெரியும். நான் இதை விளங்கிக்கொள்ளாமல், மே மாதத்தில் ஒரு நாள் நடைபாதையில் ஒரு பையன் ‘அடுத்த வருஷமும் இருப்பீங்களா?’ என்று கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஆறாவது பாடவேளைக்குள் வகுப்பு முழுக்கப் பரவியது. அவர்களுடைய வகுப்பாசிரியை அதைப் பிள்ளைகள் வாயிலாகக் கேட்க வேண்டியதாயிற்று. அவர் கோபப்படவில்லை. ‘அப்படியா, எனக்குத் தெரியவில்லையே’ என்று மட்டும் சொன்னார். அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த வரிசையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: பணமும் காகிதமும்

மே மாதம் ஒரு நோட்டுப் போட்டு ஆரம்பியுங்கள். ஜூலையில் இதற்கு நேரமும் கிடைக்காது, மனமும் ஒட்டாது.

பலரைத் தடுமாற வைப்பது ‘ஜூமின்ஸெய்’ என்ற குடியிருப்பு வரி. ஜனவரி 1 அன்று ஜப்பானில் முகவரி உள்ளவர்கள், அதற்கு முந்தைய வருடத்து வருமானத்துக்குக் கட்டுவது. கணக்கு ஜூன் மாதம் தொடங்கும். அதாவது ஜூலையில் நீங்கள் விமானம் ஏறினாலும், போன வருடத்து வருமானத்துக்கான வரி பாக்கி இருக்கும். சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார்கள் என்றால், மிச்சத்தைக் கடைசிச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்களே கட்டுவதாக இருந்தால் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் முழுத் தொகையையும் தீர்த்துவிடுங்கள். கிளம்பும் வருடத்து வருமானத்துக்கு இந்த வரி வராது, ஏனென்றால் அடுத்த ஜனவரி 1 அன்று நீங்கள் அங்கே இருக்கப்போவதில்லை.

அடுத்தது ஓய்வூதியம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். அதன் பெயர் ‘தத்தாய் இச்சிஜிகின்’. குறைந்தது 6 மாதம் கட்டியிருக்க வேண்டும். ஜப்பானில் முகவரி இல்லாமல் போன பிறகு, 2 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இப்படிச் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய ஓய்வூதியம் என்றால் 20.42 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அந்த வரியையும் திரும்பக் கேட்க வழியுண்டு. அதற்கு ஜப்பானில் இருக்கும் ஒருவரை ‘நோஸெய் கன்ரினின்’, அதாவது உங்கள் சார்பில் வரி விவகாரம் பார்ப்பவராக, வரி அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். கிளம்பும் முன்பே செய்துவிடுவது நல்லது. நம்பிக்கையான சக ஆசிரியர் யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள், ஆனால் என்னென்ன வேலை வரும் என்று முழுதாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஓய்வூதிய எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியக் குடிமக்கள் இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு நாட்டிலும் கட்டிய காலத்தைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க அது வழி செய்கிறது. பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டால் ஜப்பானில் கட்டிய காலம் கணக்கிலிருந்து போய்விடும். ஊருக்குத் திரும்பி வருங்கால வைப்பு நிதி பிடிக்கும் வேலையில் சேரப் போகிறவர்கள், அல்லது மறுபடி ஜப்பான் வரும் எண்ணம் உள்ளவர்கள், அவசரப்பட்டு விண்ணப்பிக்காதீர்கள். யோசிக்க 2 வருடம் இருக்கிறது.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். கிளம்புவதற்கு முன் 14 நாளுக்குள் நகராட்சியில் ‘தென்ஷுட்சு தொதொகே’ என்ற வெளியேறும் அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். ‘மை நம்பர்’ எனப்படும் உங்கள் தனி அடையாள எண் உள்ள அட்டையையும் அப்போதே கையோடு கொண்டு போங்கள். அந்த 12 இலக்க எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும். குடியிருப்பு அட்டையை விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். வங்கிக் கணக்கைக் கடைசிச் சம்பளமும் கடைசி மின்கட்டணமும் முடியும்வரை மூடாதீர்கள். ஒப்பந்தத்தை முழுதாக முடித்து, ஜப்பானிலேயே வேறு வேலைக்குப் போகாமல், ஒரு மாதத்துக்குள் நாடு திரும்பினால் விமானச் சீட்டை உங்களை அமர்த்திய அலுவலகமே தருவது ஜெட் திட்டத்தின் ஏற்பாடு. தேதியைச் சீக்கிரமே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வீடு

நான் போய்ச் சேர்ந்த அன்று வீட்டு அலமாரியைத் திறந்தால் மூன்று அரிசிக் குக்கர், ஒரு உடைந்த ஹீட்டர், பெயர் தெரியாத சாவிகள் ஒரு டப்பா நிறைய. எனக்கு முன் இருந்தவரும், அவருக்கு முன் இருந்தவரும் விட்டுப் போனவை. புது ஊரில் முதல் வாரத்தில் அடுத்தவர் குப்பையோடு மல்லுக்கட்டுவது எவ்வளவு சோர்வு என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்: ‘வருகிறவருக்கு உதவும்’ என்று எதையும் நீங்களாக விட்டுப் போகாதீர்கள். அவர் யாரென்று தெரிந்ததும் பட்டியல் அனுப்பிக் கேளுங்கள். வேண்டும் என்றதை மட்டும் வையுங்கள், மிச்சத்தை அகற்றுங்கள்.

அகற்றுவதுதான் அங்கே பெரிய வேலை. கட்டில், அலமாரி போன்ற பெரிய குப்பைக்கு, அதாவது ‘சொதாய் கொமி’க்கு, பல ஊர்களில் முன்பதிவு செய்து, கடையில் சீட்டு வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் வெளியே வைக்க வேண்டும். கிளம்பும் வாரத்தில் கூப்பிட்டால் நாள் கிடைக்காமல் போகலாம். டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி இந்த நான்கையும் குப்பையில் போடவே முடியாது. 2001 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி மறுசுழற்சிக் கட்டணம் கட்டித்தான் ஒப்படைக்க வேண்டும்.

மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றுக்கும் ஒரு வாரம், பத்து நாள் முன்பே போன் செய்யுங்கள். வாடகை வீடு என்றால் குறைந்தது ஒரு மாதம் முன் அறிவிப்பு கேட்பது வழக்கம், ஒப்பந்தத்தைப் பாருங்கள். கார் வைத்திருந்தால் பெயர் மாற்றத்தை மே மாதமே தொடங்குங்கள். தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் கொடுத்தாலும் வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வரி, ஓய்வூதியக் கடிதங்களுக்கு ஒரு ஜப்பான் முகவரி தேவை.

நான்காம் படி: ‘ஹிகிட்சுகி’, பொறுப்பை ஒப்படைத்தல்

ஜப்பானிய அலுவலக வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. போகிறவர் தன் வேலையை வருகிறவர் கையில் முறையாகக் கொடுப்பது. உங்கள் ஆசிரியர் அறை மேசையில் இருக்கும் ஒரு கோப்புதான் அது, ஆனால் நீங்கள் அங்கே விட்டுப் போவதிலேயே அதிகம் உதவப்போவது அதுதான்.

பாடத்திட்டம் எல்லாம் பள்ளியில் இருக்கும். அதை எழுதிப் பக்கத்தை நிரப்பாதீர்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியாத சின்ன விஷயங்களை எழுதுங்கள். நான் எழுதியதில் சில: மலைப்பள்ளிக்கு 7:12 பேருந்தை விட்டால் அடுத்தது மதியம்தான். செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு நான்காம் வகுப்பில். தட்டை நீங்களே எடுத்துப் போக வேண்டும். ‘உவபாகி’ என்ற உள்செருப்பு ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு ஜோடி வேண்டும், வெளிச்செருப்போடு வராந்தாவில் ஏறினால் எல்லோரும் திடுக்கிடுவார்கள். படம் உள்ள அட்டைகள் மூன்றாவது இழுப்பறையில், பாடவாரியாக. குளிர்காலத்தில் இரண்டாம் மாடி வகுப்பில் விரல் விறைக்கும், எழுத்து விளையாட்டு வேண்டாம், எழுந்து ஆடும் விளையாட்டு வையுங்கள்.

ஆட்களைப் பற்றிய தீர்ப்பை எழுதாதீர்கள். ‘இந்த ஆசிரியர் கடுமையானவர்’, ‘அந்த வகுப்பு மோசம்’ என்ற வரி ஒருவர் மனதில் ஏறிவிட்டால் இறங்காது. பிள்ளைகளின் பெயரோடு சொந்த விவரங்களை எழுதுவது அதைவிடத் தவறு. அது பள்ளியின் பாதுகாப்பில் இருக்க வேண்டியது. வருகிறவர் தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஐந்தாம் படி: கடைசிப் பாடங்கள்

நடுநிலைப் பள்ளியில் ஒரு பாடவேளை 50 நிமிடம், தொடக்கப் பள்ளியில் 45. முழு நேரத்தையும் விடைபெறும் கொண்டாட்டமாக்க வேண்டாம். நடத்திக்கொண்டிருந்த பாடத்தை முடித்துவிட்டு, கடைசிப் பதினைந்து நிமிடத்தை வைத்துக்கொள்ளுங்கள். பாடம் அரைகுறையாக நின்றால் அதைத் தூக்கிச் சுமப்பது உங்களோடு நின்ற ஆசிரியர்தான்.

பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டாம். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பார்கள், பள்ளிகள் இதில் மிகவும் கவனமாக இருக்கும். நம் ஊர் நாணயம், தபால் அட்டை, ஸ்டிக்கர் போதும். அதையும் க்யோதோ சென்செயிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சமூக ஊடகக் கணக்கைக் கேட்பார்கள். ‘பள்ளி முகவரிக்குக் கடிதம் போடுகிறேன்’ என்று சொல்லுங்கள், சொன்னபடி போடுங்கள். பிள்ளைகள் முகம் தெரியும் படத்தை எங்கேயும் பதிவிடக் கூடாது.

அட்டவணையில் இல்லாத இடங்களுக்கும் போய் வாருங்கள். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளின் வகுப்பு, பள்ளிச் செவிலியர் இருக்கும் ‘ஹொகென்ஷிட்சு’, சமையற்கூடம், தோட்டமும் குழாயும் பார்க்கும் ‘யோமுயின்’ ஐயா. எங்கள் யோமுயின் ஐயாவுக்கு ஆங்கிலமே தெரியாது. ஆனால் மூன்று குளிர்காலமும் நான் வரும் முன்பே என் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பனியைத் தள்ளி வைத்திருப்பார். அவரிடம் தனியாகப் போய்ச் சொல்லாமல் நான் மேடையில் என்ன பேசியிருந்தாலும் அது குறைதான்.

ஆறாம் படி: மேடை

ஜெட் ஆசிரியர்களுக்கு விடைகொடுப்பது பெரும்பாலும் முதல் பருவம் முடியும் ‘ஷூக்யோஷிகி’ அன்று, ஜூலை 20ஐ ஒட்டி, உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கும். வெயிலும் புழுக்கமுமாக இருக்கும், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் பேச்சு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அன்று மட்டும் கோட்டு அணிந்து போங்கள்.

ஜப்பானிய மொழியில் பேசுங்கள், எவ்வளவு தடுமாறினாலும். முன்கூட்டியே எழுதி, ஆங்கில ஆசிரியரிடம் காட்டித் திருத்தி, சத்தமாகப் பத்து முறை படியுங்கள். தொடங்குவதற்கு ஒரு வாக்கியம்: ‘ஹொன்ஜிட்சு ஓ மொச்சிமாஷிதே, கொனோ கக்கோ ஓ ஹனாரெரு கொதோ நி நரிமாஷிதா.’ இன்றோடு இந்தப் பள்ளியை விட்டுப் பிரியும்படி ஆகியிருக்கிறது என்று பொருள். ‘நரிமாஷிதா’ என்பதைக் கவனியுங்கள். ‘ஷிமாஷிதா’ என்றால் நான் போக முடிவு செய்தேன் என்றாகிவிடும். ‘கிளம்ப வேண்டியதாயிற்று’ என்று நாம் சொல்வோமே, அந்த மென்மை இதில் இருக்கிறது.

நடுவில் ஒரே ஒரு நினைவு. ‘எல்லாம் மறக்க முடியாதவை’ என்று பொதுவாகச் சொல்வது யார் மனதிலும் தங்காது. பனி அள்ளும் மண்வெட்டியை எப்படிப் பிடிப்பது என்று முதல் குளிர்காலத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் சொன்னேன். அந்தப் பிள்ளைகள் அப்போது நடுநிலைப் பள்ளியில், என் எதிரிலேயே இருந்தார்கள். கூடத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தலைகள் ஒன்றை ஒன்று திரும்பிப் பார்த்தன.

முடிக்க: ‘சன்நென்கன், தைஹென் ஒசெவா நி நரிமாஷிதா.’ மூன்று வருடம் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்பது இதன் உட்பொருள். ‘சன்நென்கன்’ இருக்கும் இடத்தில் உங்கள் வருடக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ‘தோசோ ஒகென்கி தெ’, நலமாக இருங்கள். குனிந்து வணங்குங்கள். மாணவர் ஒருவர் வந்து பூங்கொத்து தருவார், இரண்டு கையாலும் வாங்குங்கள். அழுகை வந்தால் வரட்டும், அதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஏழாம் படி: விருந்தும் பரிசும்

ஆசிரியர்கள் வைக்கும் பிரிவு விருந்து ‘சோபெட்சுகாய்’. ஏற்பாடு செய்பவரை ‘கன்ஜி’ என்பார்கள். இறைச்சி சாப்பிடுவதில்லை, மது அருந்துவதில்லை என்றால் அவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள்; மேசைக்கு வந்த பிறகு சொன்னால் அவருக்குச் சங்கடம். எல்லோரும் கோப்பையை உயர்த்தி ‘கன்பாய்’ (சியர்ஸ்) சொல்லும்வரை குடிக்கத் தொடங்காதீர்கள். அப்புறம் உட்கார்ந்த இடத்திலேயே இருக்காமல், பாட்டிலோடு ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் ஊற்றி நாலு வார்த்தை பேசுங்கள். உங்கள் கோப்பையில் ஊலாங் தேநீர் இருந்தால் போதும். பகலில் மூன்று வருடம் பேசாத கணித ஆசிரியர் அந்த இரவில் பேசுவார். மறுநாள் காலையில் தலைமையாசிரியரிடமும் கன்ஜியிடமும் விருந்துக்கு நன்றி சொல்ல மறக்காதீர்கள்.

பள்ளிக்குக் கடைசி நாளில் இனிப்புப் பெட்டி வைப்பது வழக்கம். தனித்தனியாகச் சுற்றியதாக இருக்கட்டும், ஜூலை வெயிலில் உருகாததாக இருக்கட்டும். பகுதி நேர ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள் உட்பட எண்ணி, இரண்டு மூன்று கூடுதலாக வாங்குங்கள். கைக்குட்டையைப் பிரிவுப் பரிசாகக் கொடுக்காதீர்கள். உறவை அறுத்துக்கொள்வதோடு அதைச் சேர்த்துப் பார்க்கும் பழைய வழக்கம் அங்கே உண்டு.

எட்டாம் படி: கடைசி நாள்

மேசையைத் துடைத்து, இழுப்பறையைக் காலி செய்து, சாவிகளையும் அடையாள அட்டையையும் ஒப்படையுங்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டை கையில் இருந்தால் அதையும் கல்வி வாரியத்தில் கொடுங்கள். பிள்ளைகள் எழுதித் தந்த கடிதங்களைக் கைப்பையில் வையுங்கள், கப்பல் பார்சலில் போட வேண்டாம். ஊர் வந்து சேர்ந்து இரண்டாம் பருவம் தொடங்கியதும் வகுப்புக்கு ஒரு கடிதம், பிள்ளைகள் முதலில் கற்கும் ஹிரகானா எழுத்தில், பள்ளி முகவரிக்கு.

உவபாகியை எடுக்க மறந்துவிடாதீர்கள். நான் அதைக் கடைசியாகத்தான் எடுத்தேன். செருப்பு அடுக்கில் என் பெயர் கதகானாவில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களுக்கான ஜப்பானிய எழுத்தில், எழுதிய வெள்ளை நாடா ஒட்டியிருந்தது, ஓரம் எல்லாம் பழுப்பாகி. அதை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தபோது க்யோதோ சென்செய் வாசல்வரை வந்தார். பசை கொஞ்சம் பலகையிலேயே தங்கிவிட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து ஈரத்துணியை எடுத்துக் கொடுத்தார், நான் துடைத்தேன். என்ன சொல்லிக் கிளம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. ‘சயோனாரா’ பிள்ளைகள் தினமும் மாலையில் சொல்லும் சொல். அதைச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டிலிருந்து வெளியே போகும்போது ஜப்பானியர்கள் சொல்லும் ‘இத்தே கிமாஸ்’தான் வந்தது. அதற்கு அப்படியே ‘போய்வருகிறேன்’ என்று பொருள். அவர் ஒரு கணம் நின்றார். பிறகு அதற்கு உரிய பதிலைச் சொன்னார்: ‘இத்தெராஷ்ஷாய்’, போய்ட்டு வாங்க.